நைட் டியூட்டியில் ஊசி குத்திவிட்டது, ரிப்போர்ட் எழுதாதே என்கிறார்கள், என்ன செய்வது?

வார்டுநிலா | அதிகாலை 2.50

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், இன்று நைட். ஒன்றரை மணி வாக்கில் எமர்ஜென்சியில் வந்த ஒருவருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் விடும் டியூப்) போட்டார்கள். முடிந்ததும் டிரேயை ஒதுக்கும்போது பஞ்சுக்கு அடியில் ஊசி கிடந்திருக்கிறது, கிளவுஸைத் தாண்டி ஆள்காட்டி விரலில் நன்றாகவே ஏறிவிட்டது, ரத்தமும் வந்தது. குழாயில் கழுவிவிட்டு டியூட்டி டாக்டரிடம் சொன்னால், "பேஷன்ட் பார்க்க நல்லாதான் இருக்கார், ஒண்ணும் ஆகாது, ரிப்போர்ட் எழுதினா காலைல மேட்ரன் உன்னைத்தான் கேள்வி கேப்பாங்க" என்கிறார். பேஷன்டுக்கு இன்னும் வைரல் மார்க்கர் (எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ் டெஸ்டுகள்) எதுவும் பார்க்கவில்லை. எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது, தாய்ப்பால் கொடுக்கிறேன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி காலேஜில் போட்டார்கள், மூன்று டோஸும் முடித்தேனா என்று சத்தியமாக நினைவில்லை. டியூட்டி எட்டு மணிக்கு முடியும். அதுவரை பொறுக்கலாமா, இல்லை இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

கொங்குக்காரன் | அதிகாலை 2.58

முதலில் அந்த விரலை நன்றாகப் பிழிந்து கெட்ட ரத்தத்தை வெளியே எடுத்துவிடுங்கள் சிஸ்டர். அப்புறம் ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். எங்கள் சித்தப்பா கம்பவுண்டராக இருந்தவர், அவர் அப்படித்தான் செய்வார்.

கேஷுவாலிட்டிடாக்டர் | அதிகாலை 3.04

பிழிய வேண்டாம், தயவுசெய்து. பிழிந்தால் அந்த இடம் இன்னும் நசுங்கிப் புண்ணாகும், அவ்வளவுதான் மிச்சம். ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் எதுவும் வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும். (கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாக அலச வேண்டும், லென்ஸ் போட்டிருந்தால் முதலில் அதோடு சேர்த்தே அலசிவிட்டு அப்புறம் கழற்ற வேண்டும். இது படிக்கிற மற்றவர்களுக்காக.)

சிஸ்டர், எட்டு மணி வரை பொறுக்கக் கூடாது. எச்ஐவிக்கான பெப் மாத்திரையை (குத்தியவுடன் போட்டுத் தொற்றாமல் தடுப்பது) முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பார்கள், 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. ஆனால் அந்த எல்லையைக் கேட்டவுடன் "மூணு நாள் இருக்கே" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப் போகும்போதும் மருந்தின் பலன் குறைகிறது. பேஷன்ட் ரிசல்ட் வந்த பிறகு போடலாம் என்றும் காத்திருக்காதீர்கள். முதல் டோஸைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அவருக்கு நெகட்டிவ் என்று வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் உங்களுடையது சாதாரணக் குத்தல் இல்லை. சென்ட்ரல் லைன் ஊசி நடுவில் துளை உள்ளது, நேராக ரத்தக் குழாய்க்குள் போய் வந்தது, ஆழமாகவும் குத்தியிருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மருத்துவப் பணியாளர்களை வைத்து 1997-ல் வந்த ஆய்வில் ஆபத்தைக் கூட்டும் விஷயங்களாகச் சொன்னவை இவைதான்: ஆழமான காயம், கருவியில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம், ரத்தக் குழாய்க்குள் போன ஊசி, முற்றிய நிலை நோயாளி. அப்போது கொடுத்த சிடோவுடின் என்ற ஒரு மருந்து மட்டுமே ஆபத்தை 81 சதவீதம் குறைத்ததாக அதே ஆய்வில் வந்தது. இப்போதைய மருந்துகள் அதைவிட எவ்வளவோ மேல்.

"பார்க்க நல்லாதான் இருக்கார்" என்று சொன்ன அந்த டாக்டரின் கண்ணுக்கு வைரஸ் தெரியும் போலிருக்கிறது.

வார்டுநிலா | அதிகாலை 3.09

எங்கள் ஆஸ்பத்திரியில் பெப் மாத்திரை இருப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை. பார்மசியில் கேட்டால் முழிக்கிறார்கள்.

பழையஸ்டாஃப் | அதிகாலை 3.15

நிலா, வார்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு. பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருந்தால் அதன் கேஷுவாலிட்டி, இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை. ஏஆர்டி மையம் (எச்ஐவி சிகிச்சை தருகிற இடம்) காலையில்தான் திறக்கும், ஆனால் முதல் டோஸ் கேஷுவாலிட்டியில் வைத்திருக்க வேண்டும். "ஹெல்த் கேர் ஒர்க்கர், ஊசி குத்திவிட்டது, பெப் வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல். சுற்றி வளைத்துச் சொன்னால் வெறும் டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், எங்கள் ஆஸ்பத்திரிப் பிள்ளை ஒருத்திக்கு அப்படி நடந்தது.

இப்போது ஒரே மாத்திரைதான் தாயி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது, நாளைக்கு ஒன்று, 28 நாள். எங்கள் காலத்தில் சிடோவுடின் போட்டுவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டே டியூட்டி பார்த்தவர்கள் உண்டு. இந்தியாவில் இலவச ஏஆர்டியே 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் ஊசி குத்தினால் கழுவிக்கொள்வது, சாமியைக் கும்பிடுவது, வாயை மூடிக்கொள்வது, வேறு வழி இல்லை. இன்றைக்கும் "சொல்லாதே" என்கிறவர்கள் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டவர்கள்.

லேப்தம்பி | அதிகாலை 3.21

அக்கா, போகும் முன் ஒரு விஷயம். பேஷன்டுக்கு ஏற்கெனவே எடுத்த ரத்தம் லேபில் இருக்கும், அதைக் கீழே கொட்டிவிட வேண்டாம் என்று டெக்னீஷியனிடம் சொல்லி வையுங்கள். அவர் நினைவோடு இருந்தால் நடந்ததைச் சொல்லிச் சம்மதம் வாங்கி எச்ஐவி, எச்பிஎஸ் ஆன்டிஜென் (ஹெபடைட்டிஸ் பி-க்கு), எச்சிவி (ஹெபடைட்டிஸ் சி-க்கு) மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ராபிட் கிட்டில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டாம், எச்ஐவி பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். பக்குவமாகக் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

அதே மூன்றும் உங்களுக்கும் இன்றே பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்றும் சேர்த்துப் பாருங்கள்.

வார்டுநிலா | அதிகாலை 3.24

எனக்கு எதற்கு இன்றே? குத்தியது இப்போதுதானே, இதற்குள் என்ன தெரியும்?

லேப்தம்பி | அதிகாலை 3.27

குத்திய அன்றைக்கு நீங்கள் நெகட்டிவ் என்பதற்கான சாட்சி அது. பின்னால் ஏதாவது ஆகி நஷ்ட ஈடு கேட்கப் போனால் முதல் கேள்வி "உங்களுக்கு இது முன்னாலேயே இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்" என்பதுதான். தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தில் தொழில்சார் நோய்ப் பட்டியல் உண்டு, மருத்துவப் பணியில் தொற்றும் நோய்கள் அதில் வருகின்றன. ஆனால் ரிப்போர்ட்டும் அன்றைய ரிசல்ட்டும் இல்லாமல் யார் நம்புவார்கள்? மேட்ரன் திட்டுவார் என்று ரிப்போர்ட் எழுதாமல் விட்டால் திட்டோடு போகாது.

இன்னொன்று, பெப் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி-யையும் அடக்கக்கூடியவை. தெரியாமலேயே உங்களுக்கு பி இருந்து, மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று பாதிக்கப்படலாம். அதற்காகவும் முதலிலேயே பார்த்துவிடுவது.

வார்டுநிலா | அதிகாலை 5.35

போய்விட்டு வந்தேன். கேஷுவாலிட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி மாத்திரை கொடுத்துவிட்டார், ஒரு பேச்சும் பேசவில்லை. திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதி நேரத்தோடு கையெழுத்துப் போட்டு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன். பேஷன்டின் மனைவி கேட்டவுடன் "எங்களால உனக்கு இப்படி ஆயிடுச்சேம்மா" என்று அழுதுவிட்டார், அவரே கணவரிடம் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தந்தார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன்.

வார்டுநிலா | காலை 6.20

எச்ஐவி நெகட்டிவ். எச்சிவி நெகட்டிவ். எச்பிஎஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ்.

டியூட்டி டாக்டர் "அப்பாடா, எச்ஐவி இல்லையே, தப்பிச்ச" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சரியாகத்தான் பயப்படுகிறேனா?

கேஷுவாலிட்டிடாக்டர் | காலை 6.31

சரியாகத்தான் பயப்படுகிறீர்கள், உங்கள் டாக்டர்தான் தப்பாகச் சிரிக்கிறார். கணக்கைப் பாருங்கள். நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தியதில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3 பேர் அளவு. ஹெபடைட்டிஸ் சி-க்கு முன்பு 1000-க்கு 18 என்றார்கள், புதிய கணக்குகளில் 2 வரை இறங்கிவிட்டது. தடுப்பூசிப் பாதுகாப்பு இல்லாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி 100-க்கு 6 முதல் 30 வரை, இது நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைப் பொறுத்தது. காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு கிடக்கும். இந்த மூன்றில் நன்றாக வேலை செய்யும் தடுப்பூசி உள்ளது பி-க்கு மட்டும்தான், அதைத்தான் நம் ஆட்கள் மூன்றாவது டோஸ் போடாமல் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: எதிர்ப்புச் சக்தி அளவு இன்று காலையே வர வேண்டும். 10-க்குக் கீழே என்றால் ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் ஊசி (எதிர்ப்புச் சக்தியையே நேராக உடம்பில் ஏற்றுவது), எடைக் கணக்கில் கிலோவுக்கு 0.06 மில்லி, 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. அதோடு இன்னொரு கையில் தடுப்பூசி. எச்ஐவிக்கான மாத்திரையை நிறுத்தலாமா என்று ஏஆர்டி மையத்தில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நோயாளிக்குச் சமீபத்தில் தொற்றியிருக்கும் என்று சந்தேகப்பட ஏதும் இருந்தால் மட்டும்தான் தொடரச் சொல்வார்கள்.

வார்டுநிலா | காலை 6.34

குழந்தைக்குப் பால்?

நம்பிக்கைமையக்காரி | காலை 6.52

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நம்பிக்கை மையத்தில் (எச்ஐவி டெஸ்டும் ஆலோசனையும் தருகிற இடம்) இருபது வருடத்துக்கு மேல் ஆலோசகராக இருக்கிறேன்.

எச்ஐவி சந்தேகம் இருந்தால் பால் கொடுப்பதைப் பற்றி டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அங்கேகூட மாத்திரை பிரச்சினை இல்லை, ஒருவேளை அம்மாவுக்குத் தொற்றினால் பால் வழியாகப் போகுமே என்பதுதான் யோசனை. உனக்கு அந்தக் கதை முடிந்தது. ஹெபடைட்டிஸ் பி-க்காகப் பாலை நிறுத்தச் சொல்வதில்லை. உன் குழந்தைக்குப் பிறந்தவுடன் ஒரு பி தடுப்பூசி, அப்புறம் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போட்ட பென்டாவேலன்ட்டிலும் பி இருக்கிறது. கார்டை எடுத்துப் பார். அம்மாவைவிடப் பிள்ளை பத்திரமாக இருக்கிறது.

வீட்டுக்குப் போ, குளி, பால் கொடு, தூங்கு.

வார்டுநிலா | மதியம் 1.15

எதிர்ப்புச் சக்தி 4 என்று வந்திருக்கிறது. காலேஜுக்குப் போன் செய்து பார்த்ததில் இரண்டு டோஸ்தான் பதிவாகியிருக்கிறது, மூன்றாவது சமயத்தில் நாங்கள் கம்யூனிட்டி போஸ்டிங்கில் வெளியூரில் இருந்திருக்கிறோம். இம்யூனோகுளோபுலினுக்கு பில் நானே கட்டச் சொல்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

கேஷுவாலிட்டிடாக்டர் | மதியம் 1.22

கட்டாதீர்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கு பி தடுப்பூசியும், இப்படிக் குத்திக்கொண்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலினும் உண்டு. காலையில் போன அதே அரசு ஆஸ்பத்திரியில் மெடிசின் டிபார்ட்மென்ட்டில் கேளுங்கள். ரிப்போர்ட்டையும் பேஷன்ட் ரிசல்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். நேரம் இழுத்தால் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று காசு கொடுத்தாவது இன்றே போட்டுவிடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல் | மதியம் 2.40

நான் சர்ஜன். எல்லாரும் அந்த டியூட்டி டாக்டரைத் திட்டுகிறீர்கள், சரி. ஆனால் வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் அட்மிஷனிலேயே மூன்று டெஸ்டும் எடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காதே? பாசிட்டிவ் என்று தெரிந்தால் இரட்டை கிளவுஸ், கண்ணாடி, எல்லாம் போட்டு ஜாக்கிரதையாகச் செய்வோம். எங்கள் உயிரும் உயிர்தானே.

லேப்தம்பி | மதியம் 3.05

சார், மரியாதையோடு மறுக்கிறேன். நெகட்டிவ் என்று வந்தால் ஜாக்கிரதை தேவையில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? தொற்றிய புதிதில் டெஸ்ட் நெகட்டிவ் காட்டும், அப்போதுதான் ரத்தத்தில் வைரஸும் அதிகம். அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி ஒற்றைக் கிளவுஸில் கை வைப்பீர்கள். அக்காவுக்கு நடந்த மாதிரி நடுராத்திரியில் எமர்ஜென்சியில் வருகிறவருக்கு எந்த டெஸ்ட்டும் வந்திருக்காது. எல்லா ரத்தத்தையும் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்ததே இதற்காகத்தான்.

அப்புறம் பாசிட்டிவ் வந்தால் இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி கட்டிலில் தொங்கவிடுகிறார்கள், பக்கத்துக் கட்டில்காரர் வரைக்கும் தெரிந்துவிடுகிறது. ஆபரேஷனைக் கடைசி கேஸுக்குத் தள்ளி, கடைசியில் "வேற ஊருக்குக் கொண்டு போங்க" என்கிறார்கள். 2017-ல் வந்த எச்ஐவி சட்டத்தில் இது இரண்டுக்கும் தடை இருக்கிறது.

கத்தரிக்கோல் | மதியம் 3.20

சட்டம் பேசுவது எளிது தம்பி. விலா எலும்பு நொறுங்கிய நெஞ்சுக்குள் கையை விட்டுப் பார், எலும்பு முனையே கிளவுஸைக் கிழிக்கும். நோயாளியைத் துரத்துவது தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னாலேயே தெரிந்தால் குத்திய அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்பதாவது தெரியும் இல்லையா.

பழையஸ்டாஃப் | மாலை 4.10

டாக்டர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதிக்கு நோயாளியின் சம்மதத்தோடு பார்த்துக்கொள்ளலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு வேறு ஒரு சந்தேகம். அந்த ஊசியை டிரேயில் போட்டது யார்? உபயோகித்தவரே வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்பது விதி. ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜன் வைத்துவிட்டுப் போவார், நர்ஸ் பொறுக்குவாள், அவள் விட்டது பெருக்குகிற அம்மா கையில் ஏறும். நான் பார்த்த குத்தல்களில் பாதிக்கு மேல் ஊசியைப் பிடித்தவர் கையில் நடந்ததே இல்லை. அப்புறம் ரிப்போர்ட்டில் "கவனக்குறைவு" என்று யார் பெயரில் எழுதுவார்கள்? பெருக்கியவர் பெயரில்.

லண்டன்சிஸ்டர் | இரவு 9.45

இங்கே ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் திருச்சியில் படித்து வந்தவள், பிரிட்டனில் வேலை. இங்கே 2013-லிருந்து ஷார்ப்ஸ் (ஊசி, பிளேடு மாதிரி கூர்மையானவை) விதிமுறை இருக்கிறது. முடிந்த இடத்திலெல்லாம் பாதுகாப்பு ஊசிதான் வாங்க வேண்டும், உபயோகித்ததும் முனை தானாக உள்ளே போய்விடும் அல்லது மூடிக்கொள்ளும். உபயோகித்த ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. ஷார்ப்ஸ் டப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே வரும், நாம் டப்பாவைத் தேடிப் போவதில்லை.

ஆனால் நிலா, கருவியைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. முதல் வருடத்தில் எனக்குக் குத்தியபோது நான் நடுங்கிக்கொண்டு போய் வார்டு மேனேஜரிடம் "சாரி" என்றேன். அவர் "எதற்கு சாரி?" என்று கேட்டுவிட்டு என் பேஷன்ட்களை அவரே எடுத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் மீட்டிங்கில் ஏன் அந்த ஊசி அங்கே இருந்தது என்றுதான் பேசினார்கள், என் பெயரே வரவில்லை. இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை, ஆள் பற்றாக்குறையில் அவசரமாக ஓடும்போது இங்கேயும் குத்தத்தான் செய்கிறது. ஆனால் சொன்னதற்காக யாரும் திட்டு வாங்குவதில்லை.

அமெரிக்கக் கணக்கு ஒன்று தெம்பு தரும். 1985 முதல் 2013 வரை அங்கே வேலையில் எச்ஐவி தொற்றியது என்று உறுதியானவர்கள் 58 பேர். 1999-க்குப் பிறகு ஒரே ஒருவர்தான், அவரும் லேபில் வைரஸையே வளர்த்து வேலை செய்தவர். பாதுகாப்பான ஊசியும், உடனே மாத்திரையும், நோயாளிகளுக்கே நல்ல சிகிச்சை கிடைத்து அவர்கள் ரத்தத்தில் வைரஸ் அடங்கியதும்தான் காரணம்.

வார்டுநிலா | மறுநாள் காலை 10.30

நேற்று மாலையே இரண்டு ஊசியும் போட்டாயிற்று, அரசு ஆஸ்பத்திரியிலேயே, காசு இல்லாமல். எல்லாருக்கும் நன்றி. மேட்ரன் கூப்பிட்டார், எதிர்பார்த்தபடி "எத்தனை வருஷ சர்வீஸ், பார்த்து எடுக்கத் தெரியாதா" என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டில்தான் கஷ்டமாக இருக்கிறது. மாமியாருக்கு எப்படியோ தெரிந்து என் தட்டை, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேச்சும் குறைந்துவிட்டது. ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடித் தேடிப் படிக்கிறேன், படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைகிறது. ஆறு மாதம் இப்படித்தான் போகுமா?

நம்பிக்கைமையக்காரி | மறுநாள் காலை 11.40

போகாது நிலா. முதல் இரண்டு வாரம்தான் இப்படி இருக்கும், என்னிடம் வந்த நர்ஸுகள் பெரும்பாலும் இதையேதான் சொன்னார்கள். வைரஸைவிட அதிகமாக அவர்களை வாட்டுவது காத்திருப்பதும், வீட்டில் உள்ளவர்கள் பார்க்கிற பார்வையும்தான்.

முதலில் ராத்திரி போனில் தேடுவதை நிறுத்து. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து டாக்டரைப் பார்க்கும்போது கேள். நெட்டில் வருவதில் பாதி தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலக் கதை. உனக்கு இம்யூனோகுளோபுலின் உள்ளே இருக்கிறது, தடுப்பூசியும் சேர்ந்துவிட்டது, சரியான நேரத்தில் போட்டால் இது மிக நன்றாகக் காப்பாற்றும். அடுத்த சில மாதத்துக்கு எதிர்ப்புச் சக்தி டெஸ்ட் எடுத்துப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம், போட்ட ஊசியே அதில் காட்டும். ஆறாவது மாதம் எச்பிஎஸ் ஆன்டிஜெனும் எதிர்ப்புச் சக்தியும் பார்த்தால் போதும். அதுவரை ரத்த தானம் மட்டும் வேண்டாம். டியூட்டிக்குப் போகலாம். சமைக்கலாம், பிள்ளையைக் கொஞ்சலாம்.

தட்டு, டம்ளர் விஷயம். ஹெபடைட்டிஸ் பி தட்டு, டம்ளரைப் பகிர்வதால் தொற்றாது, சாப்பாட்டிலும் வராது. ரத்தம் படுகிற பிளேடு, டூத் பிரஷ் மாதிரியானவற்றைத்தான் பகிரக் கூடாது, அதைச் சாதாரணமாகவே பகிரக் கூடாது. இதை நீ மாமியாரிடம் சொல்லாதே, உன் வாயால் சொன்னால் சமாளிக்கிறாள் என்றுதான் தோன்றும். கணவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போ, அவர் சொல்லட்டும். கணவருக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள், அவரும் ஏதோ செய்தோம் என்று நிமிர்ந்துவிடுவார். பேசாமல் இருக்கிற ஆண்கள் நிறைய பேர் பயந்துபோய்த்தான் பேசாமல் இருக்கிறார்கள், கோபத்தில் இல்லை.

எச்ஐவி பெப் முழுதாக எடுப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து நாளில் வயிறு சரியில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், வந்து சொல்லுங்கள். ஜெலுசில் மாதிரி அமில மருந்தும், இரும்பு, கால்சியம் மாத்திரையும் கூடவே போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது, பெப் மாத்திரையைப் போட்ட இரண்டு மணி நேரம் கழித்து இதெல்லாம் போடலாம். அந்த மாதங்களில் ஆணுறை கட்டாயம். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று டெஸ்டுக்கு வர வேண்டும், பெயர் வெளியே போகாது. மனசு தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், எச்ஐவி சந்தேகங்களுக்கு 1097.

கொங்குக்காரன் | மறுநாள் மதியம் 12.05

மேடம், ஹெபடைட்டிஸ் சி வந்திருந்தால் என்ன செய்வார்கள்? அதற்கு ஊசி இல்லை என்கிறார்களே.

கேஷுவாலிட்டிடாக்டர் | மறுநாள் மதியம் 12.30

அதற்குத் தடுப்பூசியும் இல்லை, குத்தியவுடன் போட மாத்திரையும் இல்லை. ஆனால் அதுதான் இப்போது முழுமையாகக் குணமாகிற நோய். சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ டெஸ்ட், தொற்றியிருந்தால் சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர் 12 வாரம், 100-க்கு 95 பேருக்கு மேல் போய்விடும். அதே தேசியத் திட்டத்தில் இலவசம். முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டு ஒரு வருடம் படாத பாடு பட்டதற்கு இது எங்கேயோ இருக்கிறது.

ஹவுஸ்கீப்பிங்செல்வி | மறுநாள் மாலை 6.15

நான் இதையெல்லாம் முழுசாகப் படித்தேன். நான் நர்ஸ் இல்லை, ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர்களுக்கு சூப்பர்வைசர், எல்லாரும் ஏஜென்சி ஆட்கள். பழைய ஸ்டாஃப் அம்மா சொன்னது அப்படியே உண்மை. கறுப்புப் பையில் ஊசி இருக்கிறது, பெட்ஷீட் மடிப்பில் இருக்கிறது, பையைத் தூக்கும்போது தொடையில் குத்துகிறது. யார் ஊசி, எந்தப் பேஷன்ட், எதுவும் தெரியாது. மாத்திரை கேட்டால் "நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல, ஏஜென்சிகிட்ட கேளு" என்கிறார்கள். ஏஜென்சியிடம் கேட்டால் அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்கிறார்கள். அதனால் என் பெண்கள் குத்தினால் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுகிறார்கள். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா, இல்லை நர்ஸ், டாக்டருக்கு மட்டும்தானா?

லேப்தம்பி | மறுநாள் மாலை 6.50

செல்வி அக்கா, உங்களுக்கு உண்டு. எச்ஐவி சட்டத்தின் 19-வது பிரிவு, அங்கே வேலை செய்து தொற்று ஆபத்துக்கு ஆளாகக்கூடிய எல்லாருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் பெப்பும் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்கிறது. "எல்லாரும்" என்பதில் ஏஜென்சி ஆட்களும்தான் வருகிறார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். அவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார், நீங்கள் கேட்ட பிறகுதான் நியமிப்பார்கள்.

இந்தச் சட்டம் எச்ஐவிக்கு மட்டும். ஹெபடைட்டிஸ் பி-க்கு 2016 மருத்துவக் கழிவு விதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழிவைக் கையாளும் எல்லாருக்கும் பி தடுப்பூசியும் டெட்டனஸும் போட வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. விபத்து நடந்தால் பதிவு செய்யவும் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இன்ஸ்பெக்ஷன் வரும்போது இதைக் கேட்பார்கள், நிர்வாகம் உங்கள் கண்ணீருக்குப் பயப்படாவிட்டாலும் அந்தப் பேப்பருக்குப் பயப்படும்.

கேஷுவாலிட்டிடாக்டர் | மறுநாள் இரவு 7.10

யார் ஊசி என்று தெரியாவிட்டாலும் கேஷுவாலிட்டிக்கு அனுப்புங்கள் அக்கா. நோயாளி யாரென்று தெரியாத குத்தலுக்கும் டாக்டர் பார்த்து, ஊசி எங்கே கிடந்தது, ரத்தம் இருந்ததா என்று கேட்டு முடிவு செய்வார். தடுப்பூசி போடாதவராக இருந்தால் அன்றே முதல் டோஸாவது போட்டுவிடலாம்.

கத்தரிக்கோல் | மறுநாள் இரவு 8.30

செல்வி அம்மா, பையில் ஊசி போவதை நிறுத்த வேண்டியது நாங்கள். நாளை எங்கள் தியேட்டரில் சொல்கிறேன், ஊசியைப் பிடித்தவரே டப்பாவில் போட வேண்டும் என்று. ஜூனியர்கள் கேட்பார்கள். சீனியர்கள்தான் கஷ்டம்.

ஹவுஸ்கீப்பிங்செல்வி | மறுநாள் இரவு 9.00

ரொம்ப நன்றிங்க சார். தடுப்பூசியில் ஒரு சிக்கல். ஏஜென்சி நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை ஆளை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடும். முதல் டோஸ் இங்கே, ஆறாவது மாத டோஸ் சமயத்தில் அந்தப் பெண் வேறு ஊரில். விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்தா?

பழையஸ்டாஃப் | மறுநாள் இரவு 9.20

வேண்டாம் செல்வி. எத்தனை மாதம் தள்ளிப் போனாலும் விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மூன்றும் முடிந்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி பார்க்கச் சொல், 10-க்கு மேல் என்றால் போதும். சிலருக்கு மூன்று போட்டும் ஏறாது, அவர்களுக்கு இன்னொரு முறை மூன்று போடுவார்கள். கார்டில் தேதியும் கையெழுத்தும் வாங்கி அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்துவிடு, போனில் போட்டோவும் எடுத்து வைக்கச் சொல். ஏஜென்சி ஆபீஸில் மட்டும் கொடுத்து வைக்காதே.